சேர்த்து வைத்த குரல்

கொட்டாஞ்சேனையில் எட்வேட்டைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் எட்வேட் என்று விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். "புலி எட்வேட்" என்று கேட்கவேண்டும். கேட்டால் சந்தியில் அன்னாசி வெட்டி விற்கிறவன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்கையைக் காட்டுவான்.

சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் புலியாக வந்து புலியாகவே செத்த மனுசன் அவர். மரத்துக்குப் பின்னால் நின்று சுடுவார். பார்க்கிறவன் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கமுன்னம் சூடுபட்டு விழுந்துவிடுவார். யுத்தம் முடிந்ததும் புலிகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு வடை விற்கிறவர், அடகுக்கடை முதலாளி, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்று வேஷங்கள் வந்தன. எந்த வேஷம் என்றாலும் ஒரு நிபந்தனை இருந்தது. துறைமுகத்தில் கிளார்க்காக வேலை செய்து, சிங்களவர்களோடு ஒரே மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுக் கிழடாகிப்போனவர் எட்வேட். அவருடைய சிங்களம் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடும். இயக்குநர்களுக்கு அதுதான் தலையிடி. "அய்யே, ஒயாகே சிங்ஹள ஹொந்த வெடி" என்பார்கள். உங்கள் சிங்களம் தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது, தமிழன் பேசுகிறமாதிரிக் கொஞ்சம் உடைத்துப் பேசுங்கள் என்று அதற்கு அர்த்தம். அவரும் உடைப்பார். உடைத்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்த நாட்களில், மேபல் தேத்தண்ணீரை நீட்டினால் வாங்காமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேபல் அவருடைய மனைவி. கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவள். முன்னறையில் சன்னலோரமாக அவளுடைய தையல் மெசின் இருக்கும். லேஸும் சாட்டினும் கதிரைகளில் குவிந்து கிடக்கும். வருகிறவர்கள் உட்கார இடம் தேடவேண்டும். எட்வேட்டுக்கும் மேபலுக்கும் பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்தே அந்தக் குறையை ஆற்றிக்கொண்டாள் என்று சொல்வார்கள். அது சொல்கிறவர்களுக்குச் சுகம். அவளுக்கு ஒன்றும் ஆறவில்லை.

அவள் எட்வேட்டின் முகத்தைப் பார்க்கமுன்னம் குரலைத்தான் கேட்டாள். பெரிய வெள்ளிக்கிழமைத் திருப்பாடுகளின் நாடகம். கோயில் வளவு நிறையச் சனம். கட்டை உருவமான மேபலுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. மேடையில் பிலாத்து வேஷத்தில் எட்வேட் பேசினார். "இந்த மனிதனிடம் நான் ஒரு குற்றமும் காணேன்." மைக் அப்போதுதான் பழுதாகியிருந்தது. ஆனாலும் கேற்றடியில் கச்சான் விற்றவளுக்கும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. அன்றிரவு மேபலுக்குக் காய்ச்சல் பிடித்தது. பனியில் நின்றதால் வந்தது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு வடை வடை என்று கத்தியே வயது போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தைச் சுந்தரலிங்கம் வந்து சேர்ந்தான். கனடாவில் இருந்து திரும்பியவன், தமிழில் ஒரு படம் எடுக்கவேண்டும் என்று நின்றவன். ஒருநாள் லேஸ் குவியலைத் தள்ளிவிட்டுக் கதிரை நுனியில் குந்தியபடி சொன்னான்.

"எட்வேட் அண்ணை, ஹீரோ நீங்கதான்."

"என்ன தம்பி பகிடியா? எனக்கு அறுபது தாண்டிட்டுது."

"கதையே அறுபது தாண்டின ஆளின்ட கதைதான் அண்ணை. ஹார்பர்ல வேலை செஞ்ச அப்பா. மகன் வெளிநாடு போயிட்டான், தொடர்பில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில வந்து நிக்கிறார். அவ்வளவுதான்."

எட்வேட் தலையைச் சொறிந்தார். "எந்தப் பாஷையில கதைக்கிற? சிங்களத்தை உடைக்கச் சொல்லுவியா? இல்லாட்டி இந்தியாக்காரன் மாதிரி, வாடா போடா எண்டா?"

"நீங்க அக்காவோட எப்பிடிக் கதைப்பீங்களோ அப்பிடியே. ஒரு சொல்லும் மாத்த வேணாம்."

மெசினை நிறுத்திவிட்டு மேபல் புருசனைப் பார்த்தாள். அவர் எழுந்து குசினிக்குள் போய், வந்தவனுக்குத் தானே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அடுப்படியில் நின்றதை அவள் கண்டதில்லை.

படப்பிடிப்பு நல்லாத்தான் நடந்தது. வசனத்தை வீட்டில் பாடமாக்குவார். மற்றவர்களுடைய வசனத்தை மேபல் தைத்தபடியே சொல்லிக்கொடுப்பாள். கடைசிக் காட்சியில் ஒரு வசனம் இருந்தது. மகன் எப்போதோ எங்கிருந்தோ டெலிபோன் எடுக்கிறான், பேசாமல் நிற்கிறான். தகப்பன் சொல்லவேண்டும்: "வீட்டுக் கதவு பூட்டேல்ல மகன். நீ வா." மேபல்தான் மறுமுனையில் பேசாமல் நிற்கிற மகன். எட்வேட் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஊசி கையில் ஏறும்.

கடற்கரையில் எடுத்தால் ரயில் சத்தம், கொட்டாஞ்சேனையில் எடுத்தால் கோயில் மணியும் காகமும். அதனால் குரலைப் பிறகு ஸ்டூடியோவில் வைத்துப் பதிவது என்பது முதலிலேயே பேசிய கதை. திரையில் வாய் அசைகிறதைப் பார்த்துப் பார்த்து, அந்த அசைவுக்குச் சரியாகப் பேசவேண்டும். டப்பிங். "படத்தில பாதி நடிப்பு அங்கதான் மேபல்" என்பார் எட்வேட். "மூஞ்சியைக் குடுத்தாச்சு. இனிக் குரலைக் குடுக்கவேணும்."

படப்பிடிப்பின் கடைசி நாட்களிலேயே தொண்டை கரகரத்தது. கடல்காற்று என்றார். மேபல் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், ஐஸ் போட்ட எதையும் தொடவில்லை, சிகரெட்டைக்கூட விட்டார். கரகரப்பு விடவில்லை. சோறு இறங்கும்போது முகத்தைச் சுளிப்பதை மேபல் கண்டு, இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

டொக்டர் ஷாமிலா வயதில் சின்னப் பிள்ளை. முக்காட்டைச் சரிசெய்தபடி மெல்லமாகத்தான் சொன்னாள்.

"அங்கிள், கட்டி குரல்வளையிலதான் இருக்கு. எடுக்கத்தான் வேணும். எடுத்தா நல்லா இருப்பீங்க, நிறையப் பேர் இருக்காங்க."

"எதை மகள் எடுக்கிற?"

"குரல்வளைய."

"எடுத்தா கதைக்க?"

"மெசின் ஒண்டு வெச்சிக் கதைக்கேலும். முந்தின குரல் வராது."

எட்வேட் சிரித்தார். அந்தச் சிரிப்பு மேபலுக்குத் தெரியும். சூடுபட்டு விழமுன்னம் புலி சிரிக்கிற சிரிப்பு. "சரி மகள். ஒரு வேலை மிச்சம் இருக்கு. அதை முடிச்சிட்டு வாறன்."

"இத வெச்சிக்கிட்டு இருக்கேலா அங்கிள். கழுத்துக்குப் போயிட்டா எங்களுக்கும் ஒண்ணும் செய்யேலாமப் போகும். ஆன்ட்டி, நீங்க சரி சொல்லுங்களேன்."

மேபல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் வரும்போது எட்வேட் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"சுந்தரலிங்கத்திட்டச் சொல்லிப்போடாத. தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவான்."

"உங்களுக்குப் பைத்தியமா? உயிரைவிடப் படமா பெரிசு?"

"உயிரோட இருந்து என்ன கதைக்கப்போறன் மேபல்? இவ்வளவு காலமும் ஒரு நாளாவது எண்ட வாயால எண்ட கதை வந்திச்சா? ஒரே ஒரு தடவை. நத்தாருக்கு முன்னம் டப்பிங் எண்டிருக்கிறான். அதுக்குப் பிறகு எடுத்து நாய்க்குப் போடட்டும்."

அவளால் இழுத்துப் பிடித்திருக்க முடியும். அழுது கத்தியிருந்தால் மனுசன் கேட்டிருப்பார். ஆனால் அவளுக்கும் அந்தக் குரலைத் திரையில் கேட்கவேண்டும் போலிருந்தது. அந்த ஆசையை அவள் யாருக்கும் சொல்லவில்லை, தனக்குக்கூட.

அன்றிலிருந்து எட்வேட் பேச்சை நிறுத்திவிட்டார்.

இது நடிகர்களுக்கு மட்டும் வருகிற புத்தி. குரலைச் சேமிக்கிறாராம். பாவித்தால் தேய்ந்துபோகும், பாவிக்காமல் வைத்தால் டப்பிங்குக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையில் விரலால் தட்டுவார். சாப்பாடு போதும் என்றால் கையை விரிப்பார். காலையில் பாணும் சம்பலும் தின்னும்போது பத்திரிகையை உரக்க வாசித்து அரசியல்வாதிகளுக்கு நடித்துக் காட்டுகிற மனுசன், இப்போது மௌனமாகப் பக்கத்தைப் புரட்டினார். பாண் இறங்காததால் கஞ்சிக்கு மாறினார். ஒழுங்கையில் போகிறவர்கள் சன்னலால் எட்டி, "என்ன அண்ணை, ஊமைப் படத்தில நடிக்கிறீங்களோ?" என்று பகிடி விட்டார்கள். அவரும் கண்ணைச் சிமிட்டினார். பின்னேரத்தில், சுந்தரலிங்கம் சத்தம் சேர்க்காமல் அனுப்பிய தன் காட்சிகளைப் போனில் போட்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பழகுவார். மெசின் சத்தம் ஒன்றுதான் அந்த வீட்டில் கேட்டது. சில நாட்களில் மேபல் துணி இல்லாமலே மெசினை மிதித்தாள்.

மார்கழியில் நத்தார்ப் பெருநாள் வந்து போனது. டப்பிங் நடக்கவில்லை. சுந்தரலிங்கத்துக்கு மேபல்தான் போன் எடுப்பாள்.

"அக்கா, கரண்ட் வெட்டு. ஸ்டூடியோக்காரன் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை எண்டுறான். அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை. ஒவ்வொரு தடவையும் அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பும்போது எட்வேட் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்பார். அடுத்த கிழமையாம் என்பாள். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

மாசி மாதத் தொடக்கத்தில் புனித பிளாசியார் திருநாள். தொண்டைக்குக் காவலான புனிதர். அன்றைக்குக் கோயிலில் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகக் கட்டி, குருவானவர் ஒவ்வொருவருடைய தொண்டையிலும் வைத்து ஆசீர்வதிப்பார். பாட்டுக்காரர், படிப்பிக்கிறவர், மீன் முள் சிக்கிவிடும் என்று பயப்படுகிறவர், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எட்வேட் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனார். குருவானவர் புஷ்பராஜ் மெழுகுதிரியை வைப்பதற்காக மஃப்ளரை விலக்கினார். இடது பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு செபத்தைச் சொல்லி முடித்தார்.

பூசை முடிந்து வெளியில் வந்தவர் மேபலை மடக்கினார். "என்னம்மா இது? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகேல்லையா?"

"போறதுதான் ஃபாதர். டப்பிங் முடியட்டும் எண்டு பாக்கிறார்."

"பிளாசியாரே டொக்டர்தானம்மா. அவரும் இதைத்தான் சொல்லுவார், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்க."

ஓம் ஃபாதர், ஓம் ஃபாதர் என்றாள். ஆனால் மெழுகுதிரி புருசனுடைய கழுத்தில் பட்ட அந்தக் கணத்தில் அவள் கண்ணை மூடிக் கேட்டது வேறு. புனிதரே, டப்பிங் முடியும் மட்டும் குரலைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டாள். உயிரைக் கேட்கவில்லை. கேட்க நினைவு வரவில்லை.

தவக்காலம் தொடங்கிய கிழமையில் எட்வேட்டுக்கு மூச்சு இழுத்தது. மேபல் இனிப் போனை நம்பிப் பிரயோசனமில்லை என்று, தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் போட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள்.

சுந்தரலிங்கத்தின் வீடு கடற்கரைப் பக்கத்து மாடிக் குடியிருப்பில் இருந்தது. கதவைத் திறந்தவன் அவளைக் கண்டதும் கறுத்துப்போனான்.

"வாங்கக்கா, இருங்க. அண்ணை சுகமா?"

"தம்பி, டப்பிங்கை இந்தக் கிழமை வையுங்க. என்னவாவது செஞ்சு வையுங்க. டீசல்தான் பிரச்சினை எண்டா நான் கியூவில நிண்டு வாங்கித் தாறன்."

அவன் பதில் சொல்ல வாய் எடுக்க, கீழே ரயில் போனது.  சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"அக்கா, நான் நேர வந்து சொல்லத்தான் இருந்தனான்."

"என்னத்தை?"

"டப்பிங் முடிஞ்சுது."

மேபலுக்கு விளங்கவில்லை. "அவர் இன்னும் வரேல்லையே தம்பி."

"சென்னையில செஞ்சதக்கா. படத்தை வாங்கிற ஆக்கள் அங்கதான் இருக்கினம். எங்கட கதை விளங்கேல்லையாம். எல்லாருக்கும் அங்கத்தைய ஆக்களை வெச்சுக் குரல் குடுத்தாத்தான் எடுப்பம் எண்டு நிண்டுட்டினம். நான் எவ்வளவோ சண்டை பிடிச்சனான். இல்லாட்டிப் படம் பெட்டிக்குள்ளதான்."

"அவருக்கும்?"

"அண்ணைக்கும்தான். நல்ல ஆர்டிஸ்ட் அக்கா, அங்க பெரிய பெரிய ஆக்களுக்கெல்லாம் பேசுறவர்."

"எப்ப செஞ்சது?"

அவன் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தான். "நத்தாருக்கு முன்னம்."

நத்தாருக்கு முன்னம். அப்படியென்றால் மெழுகுதிரி வைத்த அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிருந்தது. கோப்பையில் விரலால் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவர் இருந்த நாட்களெல்லாம் முடிந்த காரியத்துக்காக இருந்த நாட்கள்.

"அப்ப ஏன் தம்பி அடுத்த கிழமை அடுத்த கிழமை எண்டனீங்க?"

"அண்ணையின்ட முகத்துக்கு எப்பிடிச் சொல்லுறதக்கா? எனக்கு மனம் வரேல்ல. படம் வரேக்க மெல்லமா விளங்கப்படுத்துவம் எண்டு..."

"அவருக்குத் தொண்டையில கேன்சர்."

அவன் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"ஐப்பசியிலயே வெட்டச் சொன்னவை. குரலுக்காகத்தான் பொறுத்தவர். உங்களிட்டச் சொல்ல வேணாம் எண்டார், வேற ஆளைப் போட்டுடுவீங்களாம்."

"ஐயோ அக்கா! சொல்லியிருக்கலாமே. ஒரு சொல் சொல்லியிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பனே!"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றாள் மேபல். குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை. எழும்பிக் கதவுவரை போய்த் திரும்பினாள். "ஷூட்டிங்கில பேசினது இருக்குமே? பின்னால காகம் கத்தினாலும் பரவாயில்ல. எனக்கு அதைத் தந்தாக் காணும்."

"இடமில்லை எண்டு அதுகளை அழிச்சாச்சு அக்கா" என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எட்வேட் சாய்மனைக் கதிரையில் இருந்து போனைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். எப்ப?

மேபல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் அவர் காலடியில் இருந்தாள். பொய் சொல்லலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சென்னைக்காரனைச் சொன்னாள், நத்தாரைச் சொன்னாள், அழித்ததையும் சொன்னாள்.

அவர் போனை நிறுத்தி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இனிச் சேமிக்க வேணாம்" என்றாள் அவள். "எனக்காகக் கதையுங்க. ஒருக்காக் கதையுங்க. எல்லாத்தையும் இப்பவே கதைச்சு முடியுங்க. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். நான்தானே மகன்? நான் போனில நிக்கிறன், சொல்லுங்க."

எட்வேட் நிமிர்ந்து இருந்தார். மேடையில் நிற்கிறபோது செய்வதுபோல் தோளைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சை இழுத்தார். இழுக்கும்போதே விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாய் திறந்தது. "வீ" என்பதற்கு உதடு போனது. காற்று வந்தது. மறுபடியும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கட்டி மேலே ஏறி இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றுத்தான் வந்தது. இத்தனை மாதம் பூட்டி வைத்த இடத்தில் ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

மேபல் அவருடைய வாயைத் தன் கையால் பொத்தினாள். போதும் போதும் என்றாள்.

குரல்வளையை எடுத்தார்கள். ஆனால் நோய் முந்திக்கொண்டு கழுத்துக்கும் அதற்குக் கீழேயும் போய்விட்டிருந்தது. டொக்டர் ஷாமிலா ஒரு குறையும் சொல்லவில்லை. மேபலுடைய கையைப் பிடித்துக்கொண்டு வோர்ட்டுக்கு வெளியே நின்றாள், அவ்வளவுதான். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அதற்கு மேல் வெள்ளைத் துணி. அந்தத் துணியை மேபல்தான் தைத்தாள், முதல் நன்மைச் சட்டையில் மிஞ்சிய சாட்டினில்.

படத்தை ஆவணியில் வெள்ளவத்தையில் ஒரு தியேட்டரில் காட்டினார்கள். போக வேண்டாம் என்று மேபல் கெஞ்சினாள். அவர் கறுப்புக் கோட்டைத் தானே எடுத்துத் தூசி தட்டினார். இளைத்துப்போன உடம்பில் கோட்டு கொழுவியில் தொங்குவதுபோல் தொங்கியது. ஒழுங்கையே திரண்டு வந்திருந்தது. பக்கத்து வீட்டு இராசரத்தினம் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தார்.

திரையில் எட்வேட் வந்ததும் விசில் பறந்தது. அவர் வாயைத் திறந்தார். யாரோ பேசினான். கணீரென்ற, பழுதில்லாத, எந்த ஊரிலும் விலைபோகக்கூடிய குரல். "இதோ பாருப்பா, என்னால முடியாதுப்பா" என்றது. மேபல் கைவிரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் குழாயிலிருந்து சின்னச் சின்னதாகக் காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். இருட்டில் எட்வேட்டின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எனக்கு ஏலாது மகன், எனக்கு ஏலாது. ஒவ்வொரு வசனத்தையும், தான் பேசியபடியே, வாய் அசைவுக்குக் கொஞ்சமும் பிந்தாமல் பேசிக்கொண்டிருந்தார். படம் முடியும் மட்டும் பேசினார்.

கடைசிக் காட்சியில் டெலிபோன் அடித்தது. "வீட்டுக் கதவ சாத்தலடா. நீ வாடா" என்றான் சென்னைக்காரன். சனம் மூக்கை உறிஞ்சியது. மேபல் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குப் போட்டதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். தூரத்தில் சுந்தரலிங்கம் தூண் ஓரமாக நின்றான், கிட்ட வரவில்லை. இராசரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்வேட்டின் இரண்டு கையையும் பிடித்தார். நாற்பது வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அந்தக் குரலைக் கேட்டவர்.

"எட்வேட், நடிப்பை விடு. குரல் இருக்கே குரல்! ஆசுபத்திரிக்குப் போக முன்னமே பேசி வெச்சிட்டுப் போயிட்டாய் பாரு. அந்தக் குரல்தான்டா படம். வேற எவனும் அப்பிடிப் பேசேலாது."

"ஓம், ஓம், அண்ணையின்ட குரல் எண்டா சும்மாவா" என்றது கூட்டம்.

 அது அவர் இல்லை, உங்களுக்கெல்லாம் காது இல்லையா என்று கத்த மேபல் வாயைத் திறந்தாள். எட்வேட் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். எலும்பாகிப்போன கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

பிறகு அவளை விட்டுவிட்டு, கோட்டைச் சரிசெய்து, ஒரு அடி முன்னால் வந்தார். தோளைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கையையும் குவித்து, நாடகம் முடிந்து திரை விழமுன்னம் செய்கிறமாதிரி இடது பக்கத்துக்கு ஒருமுறை, வலது பக்கத்துக்கு ஒருமுறை, நடுவுக்கு ஒருமுறை குனிந்தார். முகம் நிறையச் சிரிப்பு. சனம் கைதட்டியது.

அந்தச் சிரிப்பு நடிப்பு என்று மேபல் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் கை தட்டினாள்.